அறுபது நிமிஷ கேசட்



"எண்பதுகளின் பாட்டு மாதிரி இப்ப எங்கே வருது?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அப்போதும் மோசமான பாட்டுகள் வந்தன. மறந்துவிட்டோம், அவ்வளவுதான்!

ஆனாலும் பொட்டிப்புரத்துக்காரனுக்கு ஒரு பெருமை உண்டு. 1976-இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்த இளையராஜா, நம்ம பக்கத்துப் பண்ணைப்புரம். 1980-இல் 'நிழல்கள்': இயக்கம் அல்லிநகரம் பாரதிராஜா, இசை இளையராஜா, அதில் முதன்முதலாகச் சினிமாவுக்குப் பாட்டெழுதியவர் வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து. மூவரும் இன்றைய தேனி மாவட்டம். படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது.

கேட்ட விதமும் வேறு. டீக்கடையில் இலங்கை வானொலி. பி.எச். அப்துல் ஹமீத் பேசி முடித்ததும் என்ன பாட்டு வருமோ, யாருக்குத் தெரியும்? பிடித்தது வரும்வரை ஒரே டீயை ஆற்றி ஆற்றிக் குடிப்போம்.

பிறகு கேசட் வந்தது. சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டிங் கடைக்காரர் பதிந்து தருவார். அறுபது நிமிஷம்தான், பன்னிரண்டு பாட்டுக்கு மேல் அடங்காது. எதை வெட்டுவது என்று விடுதி அறையில் சண்டையே நடக்கும். எஸ்.பி.பி. பாட்டை வெட்டக்கூடாது என்று மல்லுக்கு நிற்பான் ஒருவன். 2020-இல் எஸ்.பி.பி. மறைந்தபோது அவனிடம் பேசத் தோன்றியது. அவன் அதற்கு முன்பே போய்விட்டான். அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் இப்போதும் எனக்கு அவன் சத்தம்தான் முதலில் கேட்கிறது.

தம்பிகளே, தங்கச்சிகளே, உங்கள் போனில் எல்லாப் பாட்டும் இருக்கிறது. காதில் மாட்டிய ஒயரைக் கழற்றிவிட்டு, இன்று சாயங்காலம் முற்றத்தில் சத்தமாகப் போடுங்கள். உங்கள் பாட்டாகவே இருக்கட்டும். எங்களுக்கும் நாலு நாற்காலி போடுங்கப்பா!