வீட்டுக்குள் தொலைந்த காசு



பழைய நாணயங்களைச் சேகரிப்பவர்கள் நம்மிடையே உண்டு. பெட்டியில் ஒரு காசு குறைந்தால், இருக்கும் காசுகள் கண்ணில் படுவதில்லை; காலியான அந்த இடம்தான் தெரிகிறது. லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் வரும் பெண்ணும் அப்படித்தான். பத்து திராக்மாவில் ஒன்றைக் காணோம். ஒரு திராக்மா ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம்.

கப்பர்நாகும் ஊரில் அகழ்ந்தெடுத்த பழைய வீடுகளின் சுவர்கள் கறுப்பு எரிமலைக் கல்லால் ஆனவை. தரையிலும் கற்களே. இடுக்கில் விழுந்த காசு பகலிலும் தெரியாது. அதனால்தான் விளக்கும் விளக்குமாறும் தேவைப்பட்டன.

அதே அதிகாரத்தில் ஆடு வெளியே தொலைந்தது. கத்தினால் குரல் கேட்கும். மகன் தொலைநாட்டில் தொலைந்தான். எழுந்து நடந்து வந்தான். காசோ வீட்டுக்குள்ளேயே தொலைந்தது. அதற்குக் குரலும் இல்லை, காலும் இல்லை. தேடுகிறவர் குனிந்தால்தான் கிடைக்கும்.

நம் குடும்பங்களிலும் அப்படிச் சிலர் உண்டு. நாள் முழுதும் பேச ஆளில்லாமல் திண்ணையில் இருக்கும் பெரியவர். சொத்துப் பிரிவினைக்குப் பின் நாம் முகம் பார்க்காத தம்பி. தேர்வில் தோற்று அறைக்குள் முடங்கிய பிள்ளை. புழுதி படிந்தாலும் காசின் மதிப்பு குறைவதில்லை. இவர்கள்மேல் பதிந்திருப்பதோ இறைவனின் சாயல்!

‘அவர்களே வரட்டும்’ என்று நாம் காத்திருந்தால், காசு இருட்டிலேயே கிடக்கும். இந்த வாரம் ஒருவரையாவது தேடிப் போவோம். ஒருவர் கிடைத்தாலும் விண்ணகமே மகிழும் என்கிறார் ஆண்டவர்.

ஆமென்.