கோட்டைச் சுவருக்குள் ஒரு கோயில்



குச்சவெளியில் பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போகிறோம். வழியில் வருகிற நிலாவெளியில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று கிடைத்ததை எத்தனை பேர் அறிவோம்? திருகோணமலைச் சிவன் கோயிலுக்கு 250 வேலி நிலம் விட்ட செய்தி அது. அதில் வரும் கிரிகண்டகிரிகாமம் என்ற பெயரை நம் திரியாய்ப் பக்கத்தோடு ஆய்வாளர்கள் பொருத்துகிறார்கள். சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைத் தாங்கியது இந்தக் கரையின் வயலும்தான்.

அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இடித்தான். 1622ஆம் ஆண்டு, சித்திரை வருடப்பிறப்பன்று என்பது ஊர் வழக்கு. மதப் பகையோடு இன்னொரு கணக்கும் இருந்தது. துறைமுகத்தைக் காக்கக் கோட்டை வேண்டும், கோட்டைக்குக் கல் வேண்டும். செதுக்கிய கல்லோ குன்றின் மேலேயே நின்றது! அந்தக் கல்லால் எழுந்த கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கொடி மாறியது, கல் அங்கேயே இருந்தது. இன்றும் கோட்டை வாசலில் நிமிர்ந்து பாருங்கள்: நிலைக்கல்லில் தமிழ் எழுத்து, பாண்டியரின் இணைக்கயல்.

மிச்சத்தை மண்ணும் கடலும் வைத்திருந்தன. 1950இல் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலான வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் கோயில் நின்ற குன்றான சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்களைக் கண்டார்கள். 1963இல் புதுக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

சபையோரே, நம் குச்சவெளிக் கடற்கரைப் பாறையிலும் சமஸ்கிருதக் கல்வெட்டு உண்டு; பக்கத்தில் தூபி உருவங்கள். அது பௌத்தம், நமக்கென்ன என்று அதைச் சிதைய விட்டால் த சாவைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

மண்ணைத் தோண்டும்போது எழுத்துள்ள கல் வந்தால் சல்லிக்கு உடைக்காதீர்கள், அத்திவாரத்தில் போடாதீர்கள். கல் கிடைத்ததை வெளியே சொன்னால் காணி பறிபோகும் என்ற பயம் உங்களுக்கு உண்டு. காரணமில்லாத பயம் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒளித்த கல் யாருக்கும் சாட்சி சொல்லாது. இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள். எந்த வயல், எவ்வளவு ஆழம், என்றைக்கு என்று எழுதுங்கள். ஒரு பிரதி பள்ளிக்கூடத்தில், ஒன்று வாசிகசாலையில், ஒன்று பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் இருக்கட்டும். பிறகு அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். நாளைக்கு யார் வந்து என்ன கதை சொன்னாலும், எடுத்து நீட்ட நம் கையில் பதிவு இருக்கும்.