வால் சிறிது, வேலை பெரிது
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். வாங்காத பிள்ளைகள் முகம் வாட வேண்டாம். நான் பேசப் போவது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் கேமரன் மலையில் பெற்றோர்கள் ஆசிரியரைக் கண்டால் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. “சார், தமிழ்ப்பள்ளியில போட்டா பிள்ளைக்கு இங்கிலீஷ் வருமா?” இதற்கு ‘வரும்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் எப்படி வரும் என்று காட்டினால்தானே உங்களுக்கு நம்பிக்கை வரும்? அதற்காக, நம் பிள்ளைகள் அடிக்கடி தடுக்கி விழும் ஒரு சின்ன இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

‘லுக்’ என்றால் என்ன? இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகூட ‘பார்’ என்று சொல்லிவிடும். சரி. அம்மா வேலைக்குப் போகிறார். வீட்டில் தம்பிப் பாப்பாவைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ‘லுக் அட்’ என்று எழுதினால், பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து பாப்பாவைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பாப்பா அடுப்புப் பக்கம் போனாலும் பாட்டி பார்த்துக்கொண்டேதான் இருப்பார்! ‘லுக் ஃபார்’ என்று எழுதினால் இன்னும் மோசம். பாப்பாவைக் காணோம், பாட்டி லயம் லயமாகத் தேடுகிறார் என்று ஆகிவிடும். ‘லுக் ஆஃப்டர்’ என்றால்தான் பாப்பா பத்திரமாக இருக்கும்.

தலை ஒன்றுதான். வால்தான் வேறு. வால் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. மலாயில் இந்தத் தொல்லை இல்லை. பார்ப்பதற்கு லிஹாட், தேடுவதற்கு ச்சாரி, கவனித்துக்கொள்வதற்கு ஜாகா என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆங்கிலம் ஒரே சொல்லுக்கு மூன்று வால் கட்டிவிட்டு, ‘நீயே தெரிந்தெடு’ என்று விட்டுவிடுகிறது.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1755-ஆம் ஆண்டில் இலண்டனில் சாமுவேல் ஜான்சன் என்ற அறிஞர் பெரிய ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். வினைச்சொல்லின் பின்னால் சின்னச் சொல் ஒட்டிப் பொருள் மாறும் இந்த வழக்கம் அயலாருக்கு மிகப் பெரிய சிக்கல் என்று அதன் முன்னுரையிலேயே அவர் எழுதியிருக்கிறார். ஆகவே பிள்ளைகளே, உங்களுக்கு இது கடினமாக இருந்தால் நீங்கள் மக்கு என்று பொருள் அல்ல.

இப்போது நம் தமிழுக்கு வருவோம். ‘கடையைக் காட்டினான்’ என்கிறோம். ‘கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தான்’ என்கிறோம். முதலாவது உதவி, இரண்டாவது துரோகம். ‘கையை விட்டான்’ வேறு, ‘தம்பிக்காக விட்டுக்கொடுத்தான்’ வேறு. ‘பார்’ வேறு, ‘பார்த்துக்கொள்’ வேறு. இலக்கணத்தில் துணைவினை என்று சொல்வது இப்படிப்பட்ட வாலைத்தான். இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. அம்மா பேசியதைக் கேட்டு, நீங்களும் பேசிப் பழகினீர்கள். தமிழில் இந்த வித்தை தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வராமலா போகும்? தமிழில் வால் ஒரு வினைச்சொல். ஆங்கிலத்தில் பெரும்பாலும் மேல், கீழ், உள், வெளி என்று இடத்தைக் காட்டும் சொல். பெரிய வித்தியாசம் இவ்வளவுதான்.

மாணவர்களுக்கு மூன்று யோசனை சொல்கிறேன்.

ஒன்று, தலையை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். வாலோடு, ஒரு முழு வாக்கியத்தோடு எழுதிவையுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்ற ஆசிரியர், பிறமொழி மாணவர்களுக்கென்றே ஓர் அகராதியைத் தயாரித்தார். 1942-இல் தோக்கியோவில் வெளியான அதை 1948-இல் ஆக்ஸ்ஃபர்ட் பதிப்பகம் வெளியிட்டது. அந்த வகை அகராதியில் பொருளைப் பார்த்ததும் மூடிவிடாமல், கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள்.

இரண்டு, எதிர்ச்சொல்லை ஊகித்து எழுதாதீர்கள். இந்தக் குளிரில் ஸ்வெட்டர் போடுவது ‘புட் ஆன்’. அப்படியானால் கழற்றுவது ‘புட் ஆஃப்’ என்று நினைக்கத் தோன்றும். இல்லை. கழற்றுவது ‘டேக் ஆஃப்’. மழை வந்து கோத்தோங் ரோயோங்கை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தோமே, அதுதான் ‘புட் ஆஃப்’.

மூன்று, அது, அவன் போன்ற சொல் வரும்போது இடத்தைக் கவனியுங்கள். ‘புட் இட் ஆன்’ என்று நடுவில் வரும். ஆனால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்று கடைசியில் வரும். வாய்விட்டுப் பத்து முறை சொன்னால் காது பழகிவிடும்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டுமா? இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இலையை வாட்டி, உருட்டி, நிறம் மாற விட்டு, பிறகு சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். அங்கே ஒருவர் ‘டர்ன் டவுன்’ என்றால் சூட்டைக் குறை என்று பொருள். ‘டர்ன் ஆஃப்’ என்றால் அடியோடு நிறுத்து. முன்னதைப் பின்னதாக எடுத்துக்கொண்டால் தேயிலை கெடும். பின்னதை முன்னதாக எடுத்துக்கொண்டு, ஓடுகிற மெஷினில் ஒருவர் கையை விட்டால்? பூச்சிமருந்து டின்னில் ஆங்கிலத்தில் இருக்கும் எச்சரிக்கையும் அப்படித்தான். அதைச் சரியாகப் படித்துச் சொல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால் அது குடும்பத்துக்கே காவல்.

பெற்றோர்களே, 2003-ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டதும், பிறகு அந்தத் திட்டம் படிப்படியாகக் கைவிடப்பட்டதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். திட்டங்கள் வரும், போகும். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வுகூட 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி அந்தத் தேர்வின் ‘ஏ’யை எண்ணிப் பிள்ளையை அளக்க முடியாது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

“எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே, நாங்க எப்படிப் பார்க்கிறது?” என்று கேட்பீர்கள். தெரிய வேண்டாம். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், “இன்னைக்குப் படிச்சதுல ஒரு வால் சொல்லுப்பா, அதுக்குத் தமிழ்ல என்ன அர்த்தம்?” என்று கேளுங்கள். பிள்ளை ‘பார்’ என்று மொட்டையாகச் சொன்னால், “எப்படிப் பார்க்கிறது? தேடிப் பார்க்கிறதா, பார்த்துக்கிறதா?” என்று திருப்பிக் கேளுங்கள். அந்த நுணுக்கம் தமிழில் உங்களுக்குத் தெரியும். தமிழில் பொருளைத் தெளிவாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைதான் ஆங்கிலத்தில் சரியான வாலைத் தெரிந்தெடுக்கும். தமிழ் அதற்குத் தடை அல்ல, தராசு.

முடிவாக இரண்டே சொல். ‘கிவ் இன்’ என்றால் விட்டுக்கொடுப்பது. ‘கிவ் அப்’ என்றால் முயற்சியைக் கைவிடுவது. பிள்ளைகளே, வீட்டில் தம்பி தங்கையிடம் ‘கிவ் இன்’ செய்யுங்கள், தப்பில்லை. பாடத்தை மட்டும் எந்த நாளும் ‘கிவ் அப்’ செய்துவிடாதீர்கள்.