தேன் கெடாதிருப்பது ஏன்?

(ரெட்டியார்சத்திரத்தில் ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் கன்னிவாடிப் பக்கத்து விவசாயி ஒருவர், தம் தென்னந்தோப்பில் வைத்த பெட்டிகளில் எடுத்த தேனைப் புட்டிகளில் அடைத்து எம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். மூடியைத் திருகியதும் ‘புஸ்’ என்று காற்று வெளிப்பட்டது, நுரை பொங்கிற்று, கள்ளின் வாடை வீசிற்று. “தேன் கெடாது என்றல்லவா ஐயா சொல்லுவார்கள்?” என்று வருத்தத்தோடு கேட்டார். கலப்படம் எதுவும் அவர் செய்தவரல்லர். அவருக்கு அன்று கூறிய விடையையே இன்று உங்கள் முன் சற்று விரித்துரைக்க விழைகிறேன்.

பூவில் சுரக்கும் மது இன்னும் தேன் ஆகவில்லை. பல பூக்களின் மதுவில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு வரை வெறும் நீரே. அதை அப்படியே வைத்தால் விரைவில் புளித்துப்போகும். தேனீ அதனை வயிற்றுப் பையில் ஏந்தி வருகிறது. கூட்டிலுள்ள தேனீக்கள் வாய்க்கு வாய் மாற்றி, அறைகளில் பரப்பி, சிறகுகளால் ஓயாது விசிறி நீரை வற்றச் செய்கின்றன. நீர் ஏறத்தாழ 20 பங்காகக் குறைந்த பின்னரே அறையின் வாயை மெழுகால் மூடுகின்றன. நெல்லைக் களத்தில் நன்கு காயவைத்த பின்னரே குதிரில் கொட்டும் குடியானவரின் வேலையே இது.

எஞ்சியிருப்பது ஏறக்குறைய 80 பங்கு சர்க்கரை. மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் நீர் விடுகிறதல்லவா? அவ்வாறே தேனில் விழுந்த கிருமியின் உடலிலிருக்கும் நீரைச் சர்க்கரை உறிஞ்சிவிடுகிறது. கிருமி பெருக வழியில்லை. ஊறுகாயும் கருவாடும் கெடாதிருப்பது இந்த நியாயத்தினாலேயே. மேலும் தேன் புளிப்புத் தன்மையுடையது. இனிப்பு மிகுதியால் நாவுக்கு அது தெரிவதில்லை. தேனீ சேர்க்கும் நொதிப்பொருள் ஒன்று சர்க்கரையிலிருந்து ஒரு வகை அமிலத்தையும், ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகிறது. புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதே பொருள்தான். தேனைக் கொதிக்கவைத்தால் அந்நொதி அழிந்துபோம். வெயிலில் வைப்பதும் தகாது.

கன்னிவாடி அன்பரின் தேன் கெட்டது ஏன்? வியாபாரி அவசரப்படுத்தவே, மூடாத அறைகள் பாதிக்கு மேலிருந்த அடைகளையும் எடுத்துச் சுழற்றிவிட்டார். புட்டிகளைக் கழுவி ஈரம் உலருமுன் நிரப்பினார். நீர் மிகுந்தவுடன், சர்க்கரைப் பாகிலும் வாழவல்ல ஈஸ்ட் நுண்ணுயிர் விழித்துக்கொண்டது. அடையில் முக்கால் பங்கு அறைகளாவது மெழுகால் மூடியிருந்தாலன்றித் தேன் எடுக்கலாகாது.

1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தின் மூலம் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். ஈரக்காற்று மிகுந்த அப்பகுதியில் தேனின் நீர் 20 பங்கைத் தாண்டுவதுண்டு. ஆதலால் இளஞ்சூடு காட்டிப் பக்குவப்படுத்துகிறார்கள். நம் சமவெளியோ வறண்ட பூமி. முருங்கையும் தென்னையும் பூக்கும் இவ்விடத்தில், பொறுத்திருந்தால் தேனீயே அவ்வேலையைச் செய்து தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கவனம் வேண்டும். திறந்து வைத்த தேன் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரும்புத் தகரமும் ஆகாது. புளிப்பு அதனை அரிக்கும். கண்ணாடிப் புட்டியோ பீங்கான் சாடியோ நன்று.

தேன் உறைந்தால் கலப்படம் என்று எண்ணற்க; வெதுவெதுப்பான நீரில் புட்டியை நிறுத்தினால் கரையும். நாய் நக்காததே நல்ல தேன் என்று சோதிப்போரும் உளர். நாயின் சாட்சியம் இவ்வழக்கில் செல்லாது!

தாய்மார்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தேனில் கிருமிகள் பெருகுவதில்லை என்றேன். யாவும் சாகின்றன என்று கூறவில்லை. மண்ணில் வாழும் பாட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் தேனில் உறங்கிக் கிடக்கலாம். வளர்ந்தோருக்கு அவற்றால் கேடில்லை. பச்சிளங் குழந்தையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சைச் சுரக்கக்கூடும். மலச்சிக்கல், பால் குடிக்கச் சக்தியின்மை, மெலிந்த அழுகை, தலை தொங்குதல், முடிவில் மூச்சுத் திணறல். இந்நோய் 1976-இல் அமெரிக்காவில் அடையாளங் காணப்பட்டது. நோய் அரிது, எனினும் கொடிது. வீட்டில் காய்ச்சுவதால் அவ்வித்துகள் சாகா.

என் மகள் பிறந்தபோதும் பெரியவர்கள் தேன் தொட்டுச் சேனை வைத்தார்கள். பட்டதாரியான நானும் அருகில் நின்று மகிழ்ந்தேன். தீங்கு நேரவில்லை, அது எம் அதிர்ஷ்டம். ஒரு வயது நிறையும்வரை குழந்தையின் நாவில் ஒரு துளித் தேனும் வைக்கவேண்டாம். ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் பிள்ளைப்பேறு நிகழும் வீடுகளுக்கு இதை நேரிற் சென்று சொல்லவேண்டுகிறேன். பாட்டிமார்களிடம் முதலில் சொல்லுங்கள். சேனை வைப்பவர்கள் அவர்களே.

தேனின் நீரளவைக் காட்டும் ஒளிவிலகல்மானி ஒன்று இம்மேசைமேல் உள்ளது. ஒரு சொட்டுப் போதும். புட்டி கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள்.