ஒப்பனைக் கல்வியும் குடும்பக் கணக்கும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிணற்றைப் பற்றியும் விதையைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் மணப்பெண் ஒப்பனையைப் பற்றி நாம் பேச முற்படுவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. ஈராண்டுகளுக்கு முன், தை மாதத்தில், ஒரு தாயார் தம் மகளுடன் நமது அலுவலகத்திற்கு வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள். நகரத்து ஒப்பனைப் பள்ளி ஒன்றில் சேர விரும்பினாள். கட்டணம் 60,000 ரூபாய். வீட்டிலிருந்த இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிடலாமா என்று கேட்க வந்திருந்தார் அத்தாயார். “படித்தால் இவள் பிழைத்துக்கொள்வாளா, ஐயா?” என்றார். அந்த வினாவுக்கான விடையையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இது இழிவான தொழிலன்று. முடி திருத்துவதும் முகம் திருத்துவதும் இன்னாருக்கே உரியவை என்று ஒதுக்கி வைத்தது பழங்காலத்துப் பிழை. மும்பைத் திரையுலகிலும் வேறொரு வகைப் பிழை நெடுங்காலம் நிலவியது. பெண்கள் கூந்தல் ஒப்பனை செய்யலாம், முக ஒப்பனை செய்யலாகாது என்று அங்குள்ள தொழிற்சங்கம் தடுத்து வைத்திருந்தது. 2014 நவம்பர் 10 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் திறந்து வைத்த கதவை நாம் வீட்டில் அடைக்கலாகாது.

ஆனால், தொழில் நல்லது என்பதாலேயே அதற்குக் கேட்கும் கட்டணமெல்லாம் நியாயமாகிவிடாது. நிலத்தடியில் நீருண்டா என்று பாராமல் கிணறு வெட்டுவாருண்டோ? இங்கும் அவ்வாறே கணக்கிடுதல் வேண்டும்.

கட்டணம் 60,000 ரூபாய். தூரிகை, பூச்சுவகை, பெட்டி ஆகியவற்றுக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்த முதல் 85,000 ரூபாய். ஒரு மணப்பெண் ஒப்பனைக்கு 5,000 ரூபாய் கிடைத்து, பொருள், பயணம், துணையாள் கூலி ஆகியவற்றுக்கு 2,000 ரூபாய் போனால் எஞ்சுவது 3,000. போட்ட முதல் திரும்ப 29 திருமணங்கள் வேண்டும். புதிதாகத் தொடங்குபவளுக்கு மாதம் ஒன்று கிடைப்பதே அரிது. அப்படிக் கிடைத்தாலும் ஈராண்டுக்கு மேலாகும். நகையை அடகு வைத்திருந்தால் வட்டி அதுவரை காத்திராது.

மேலும், இது பருவத்தொழில். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் திருமணம் இல்லை. பல வீடுகளில் புரட்டாசியிலும் இல்லை. நல்ல முகூர்த்த நாள் வந்தாலோ மூன்று வீட்டார் ஒருசேர அழைப்பர். ஒருத்தி ஒரு வீட்டிற்குத்தான் செல்ல முடியும். ஆகையால் மணப்பெண் ஒப்பனையை மட்டும் நம்பி இறங்குவது ஒரே பயிரை நம்பி ஆண்டு முழுதும் இருப்பதற்கு ஒப்பாகும். புருவம் திருத்துதல், முடி வெட்டுதல், மருதாணியிடுதல், புடவை மடித்துக் கட்டுதல் போன்ற அன்றாட வேலைகளும் கைவரப் பெற்றவளே அடுப்பெரிய வருவாய் காண்கிறாள்.

அப்படியானால் கற்க வேண்டாமா? கற்கத்தான் வேண்டும். ஆனால், செலவில்லாத வழியை முதலில் நாடுவதே அறிவுடைமை. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் அழகு நிலையம் நடத்துவதற்கான பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம் அளிக்கப்படுகிறது. பயிற்சியும் உணவும் தங்குமிடமும் இலவசம். நீண்ட பயிற்சி வேண்டுவோருக்குத் தொழிற்பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் ஓராண்டு அழகுக்கலைப் பிரிவு உண்டு. தொழில் தொடங்க 2015 ஆம் ஆண்டு ஏற்பட்ட முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான ‘சிசு’ கடனை ஈடின்றிப் பெற விண்ணப்பிக்கலாம்.

இவற்றுக்குப் பின்னும் தனியார் பள்ளியை நாடுவோர் பணம் கட்டுமுன் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் உயிருள்ள எத்தனை முகங்களுக்குத் தம் கையால் ஒப்பனை செய்வர்? பெட்டியும் பொருளும் கட்டணத்தில் அடங்குமா? இடையில் நின்றால் பணம் திரும்புமா? வேலை உறுதி என்பதை எழுத்தில் தருவார்களா? சென்ற ஆண்டு படித்து முடித்த இருவரை நேரில் காட்டுவார்களா? பகல் வெளிச்சத்தில் கழுத்தின் நிறத்தோடு முகத்தின் நிறம் பொருந்துமாறு பூசவும், மண்டபத்துப் புழுக்கத்தில் கலையாதிருக்கச் செய்யவும் கற்றுத் தருகிறார்களா? நம் மக்களின் மாநிறத்தை வெண்ணிறமாக்குவதே ஒப்பனை என்று போதிக்கும் பள்ளியில் கற்பதற்கு அதிகமில்லை.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு சொல். தெருக்கூத்துக் கலைஞர்கள் முற்காலத்தில் முகத்தில் பூசிய அரிதாரம் ஆர்செனிக் நஞ்சு கலந்த மஞ்சள் தாதுவாகும். இன்று ஆர்செனிக், ஈயம் ஆகியவற்றின் சேர்மங்களை நிறத்திற்காக அழகுப் பொருள்களில் சேர்ப்பது சட்டப்படி குற்றம். ஆதலின் தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் காலாவதி நாளும் இல்லாத பொருளைத் தொடலாகாது. ஒருத்திக்குப் பயன்படுத்திய தூரிகையைக் கழுவாமல் மற்றொருத்திக்குப் பயன்படுத்தலாகாது. இத்தூய்மையைக் கற்பிக்காத பள்ளி, பள்ளியே அன்று.

மற்றொரு குடும்பத்தார் பணம் கட்டிய பிறகே நம்மிடம் வந்தனர். தாலிக்கொடியை அடகு வைத்திருந்தார்கள். நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் அப்பெண் மூன்று மாதம் வேடிக்கை பார்த்தாள். அவள் கைப்பட ஒப்பனை செய்த முகங்கள் இரண்டே. கட்டணம் திரும்பவில்லை. இன்று நகரத்து அழகு நிலையம் ஒன்றில் உதவியாளாக நின்று அங்கேதான் உண்மையான தொழிலைக் கற்று வருகிறாள். அவள் ஊதியத்தில் பெரும்பகுதி வட்டிக்குப் போகிறது. அவளிடம் திறமைக்குக் குறைவில்லை. வினா கேட்கச் சொல்ல ஆளில்லை, அவ்வளவே.

முன்னர்க் கூறிய தாயார் மாடுகளை விற்கவில்லை. மகள் இலவசப் பயிற்சி பெற்றாள். அவ்வாண்டு வைகாசியிலும் ஆவணியிலும் உறவினர் வீட்டுத் திருமணங்களில் பொருட்செலவை மட்டும் பெற்றுக்கொண்டு ஒப்பனை செய்தாள். வீட்டு முன்னறையில் புருவம் திருத்தத் தொடங்கினாள். இப்போது கூந்தல் ஒப்பனை மட்டும் கற்க நகரத்திற்குப் பத்து நாள் போக எண்ணுகிறாள். அதற்கு ஆகும் செலவு அவளே சேர்த்த பணம். என்ன கேட்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களே! இத்தகைய பெண்ணொருத்தி உங்களிடம் வந்தால் “இதெல்லாம் ஒரு படிப்பா?” என்று நகையாதீர்கள். “சேர்ந்துவிடு” என்று உடனே அனுப்பியும் விடாதீர்கள். அவளுடன் அமர்ந்து ஒரு தாளில் கணக்கெழுதுங்கள். அருகிலுள்ள பயிற்சி நிறுவனத்தின் முகவரியை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். தொழுவத்து மாடு தொழுவத்தில் இருக்க, பெண்ணின் கையில் தொழிலும் இருக்குமாயின் அதுவே கிராம முன்னேற்றம்.