வானவர் இறக்கி வைத்த மீன்பெட்டி



நன்மைக்கும் தீமைக்கும் நடக்கிற சண்டைக் கதைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அதுக்கு நாம் தூரதேசம் போக வேண்டாம். தூத்துக்குடியில் பஸ் ஏறினால் திருச்செந்தூர். சஷ்டி அன்றைக்குக் கடற்கரை மணலில் லட்சக்கணக்கில் ஜனம். ஜெயந்திநாதர் வேலோடு வருகிறார். எதிரே சூரன். யானைத்தலை போகும், சிங்கத்தலை வரும், அதுவும் போய் சொந்தத்தலை வரும். முடிவு எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதைவிடப் பெரிய திகில்கதை தமிழில் எது?

அந்தப் பக்தியைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆறுநாள் விரதம் இருந்து அந்த மணலில் நிற்பவர்களில் நம்ம வீட்டுப் பெண்களும் உண்டு. நான் கேட்பது ஒன்றுதான். நம் கண் வேல்மேலும் சூரன்மேலும் இருக்கிறது. அந்தச் சூரனைச் சுமந்துகொண்டு மணலில் ஓடுகிறவர்களை எத்தனை பேர் பார்க்கிறோம்?

நான் பேங்கில் கிளார்க். எந்தப் பேரேட்டைத் திறந்தாலும் வரவு யார் பேரில், பற்று யார் பேரில் என்றுதான் முதலில் கண் போகும். புராணத்தையும் அப்படித்தான் புரட்டுகிறேன். தலைவர்களை விட்டுவிட்டுத் துணைப் பாத்திரங்களின் கணக்கைப் பார்த்தால் கதை வேறு விதமாகப் பேசுகிறது.

இந்தக் கதைகளைத் தலைகீழாக்கிப் படிக்க நமக்கு முன்னோர் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஜோதிராவ் புலே 1873-ல் 'குலாம்கிரி'யில் பலிச் சக்கரவர்த்தியை உழைக்கிற மக்களின் அரசனாக்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, பண்டிகைகளுக்குள் புதைந்து கிடந்த பௌத்தத்தைத் தோண்டி எடுத்தார். பெரியார் இராமாயணப் பாத்திரங்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றினார். இந்த மூன்றும் இல்லாமல் இன்றைக்கு நான் இங்கே நின்று பேச முடியாது.

ஆனால் 'சூரன் நம்ம ஆளு' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததா? சூரபத்மன் யார்? காசிப முனிவரின் மகன். 1008 அண்டங்களை ஆண்ட சக்கரவர்த்தி. வீரமகேந்திரபுரத்தில் அரண்மனை கட்டி வாழ்ந்தவன். ஒரு ராஜாவை இறக்கிவிட்டு இன்னொரு ராஜாவைத் தூக்கி வைப்பதுதான் விடுதலை என்றால், பல்லக்குத் தூக்குகிறவன் தோள்பட்டை மட்டும் மாறவே மாறாது.

சரி, சூரன் செய்த தீமை என்ன? காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தைப் புரட்டுங்கள். அசுர காண்டத்தில் சூரன் வானவரை ஏவல் வேலைக்கு வைக்கிறான். என்ன வேலை? கடலில் மீன்பிடித்து அசுரர்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற வேலை! இந்திரன் கூனிக் குறுகிப் போகிறான். வானவருக்கு இதைவிட அவமானம் இல்லை.

இதை வேறு ஊரில் படித்தால் ஒருவேளை கண்ணீர் வரலாம். தூத்துக்குடியில் படித்தால்? விடிகாலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்க. தலையில் கூடையோடு நடக்கிற பெண், ஐஸ் உடைக்கிறவன், லாரியில் பெட்டி ஏற்றுகிறவன். அளத்தில் உப்பு வாருகிற பெண்ணின் பாதத்தைப் பாருங்க. இவர்கள் தினமும் செய்கிற வேலையைத் தங்களைச் செய்யச் சொன்னதுதான் வானவரின் குற்றச்சாட்டு. ஏவல் கொடுமை, சிறை கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் உழைப்பையே இழிவாக வைத்த ஒரு மனம் அந்த இடத்தில் எட்டிப் பார்க்குதா இல்லையா?

யுத்தம் முடிகிறது. சிறை திறக்கிறது. வானவர் தங்கள் லோகத்துக்குப் போகிறார்கள். மீன்பெட்டியை இறக்கி வைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டி அப்புறம் யார் தலைக்குப் போச்சு? பிரதி மௌனமாக இருக்கிறது. அந்த மௌனத்துக்குள்தான் நாம் இருக்கிறோம்.

இனி படையைப் பார்ப்போம். பார்வதியின் சிலம்பு தெறித்து நவமணிகள் சிதறுகின்றன. அவற்றிலிருந்து ஒன்பது பெண்கள் தோன்றுகிறார்கள். அவர்களின் பிள்ளைகள்தான் நவவீரர். மாணிக்கத்தின் மகன் வீரபாகு. முத்தின் மகன் வீரகேசரி. இது முத்துக்குளித்த கடற்கரை. 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த ஊர். இங்கேயே முத்தின் பிள்ளை பேரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

ஒன்பது பேருக்காவது பெயர் உண்டு. இன்னொரு கூட்டம் இருக்கிறது. தேவியின் கோபத்துக்கு அஞ்சி அந்தப் பெண்களுக்கு வேர்த்துக் கொட்டியதாம். அந்த வேர்வையிலிருந்து ஒரு லட்சம் வீரர்கள் பிறந்தார்கள். 'இலட்சத்து ஒன்பதின்மர்' என்று கணக்குச் சொல்வார்கள். மணியில் பிறந்த ஒன்பதுக்குப் பெயர். வேர்வையில் பிறந்த லட்சத்துக்கு எண். இதற்கு நான் பதவுரை எழுத வேண்டியதில்லை.

1967-ல் 'கந்தன் கருணை' வந்தது. ஏ.பி.நாகராஜன் இயக்கம். முருகனாக சிவகுமார், சூரனாக அசோகன், வீரபாகுவாக சிவாஜி. தூது போகிறவன் பாத்திரத்தைப் பெரிய நட்சத்திரம் ஏற்றதும் அந்த ஏவலாள் நிமிர்ந்துவிட்டான். யார் நடிக்கிறார் என்பதைப் பொறுத்துத் துணைப் பாத்திரமும் நாயகன் ஆகும். ஆனால் அவருக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்கிறவர்கள்? சினிமா அவர்களுக்கு வைத்த பெயர்தான் நமக்கும் பொருந்துகிறது: துணை நடிகர்கள்.

அந்தப் பக்கமும் போய்ப் பார்ப்போம். 'வானவரை விட்டுவிடு' என்று அண்ணனிடம் எடுத்துச் சொன்னவன் சிங்கமுகன். கேட்கவில்லை என்றதும் அண்ணனுக்காகவே சண்டைக்குப் போய்ச் செத்தான். அசமுகி இந்திராணியை இழுத்துவரப் போய்க் கையை இழந்தாள். கூடப்போன துன்முகிக்கும் கை போச்சு. பெரிய இடத்துப் பகையில் கூடப்போகிறவளுக்கும் அதே வெட்டுதான்.

எனக்குப் பிடித்தவன் சூரனின் மகன் இரணியன். அவனும் அப்பனுக்குப் புத்தி சொன்னான். களத்தில் தோற்றபின், அப்பன் சாகப்போவது உறுதி, கொள்ளி வைக்க ஒரு பிள்ளை வேண்டுமே என்று மீனாக மாறிக் கடலுக்குள் மறைந்தான். வானவர் சுமக்க வெட்கப்பட்ட அதே மீன். தோற்ற கூட்டத்தில் துக்கம் காக்கிறதுக்கு ஒருத்தன் மிஞ்ச வேண்டும் என்ற நினைப்பு, தோற்றுத் தோற்று வாழ்ந்த நமக்குப் புரியும்.

முடிவில் என்ன நடக்கிறது? மாமரமாய் நின்ற சூரன் பிளக்கப்பட்டு மயிலும் சேவலும் ஆகிறான். ஒன்று வாகனம், ஒன்று கொடி. இன்றைக்கும் கோயிலில் அவனுக்கு இடம் உண்டு. வீரமகேந்திரபுரம்? முருகன் கட்டளைப்படி வருணன் அதைக் கடலுக்குள் அமிழ்த்துகிறான். தீமையின் தலைவனுக்குப் பதவி. அவன் ஊருக்கு ஜலசமாதி. ஆக, நன்மையும் தீமையும் உச்சியில் சமாதானம் ஆகிவிடுகின்றன. கீழே இருந்தவன் கணக்கு மட்டும் தீரவில்லை.

சின்னப் பாத்திரத்தில்தான் ஒரு கதையின் சட்டம் வெளியே தெரியும். அம்பேத்கர் 1936-ல் 'சாதி ஒழிப்பு' எழுதும்போது சம்பூகனைக் கையில் எடுக்கிறார். தவம் செய்த ஒரு சூத்திரனை இராமன் வெட்டினான். வருணத்தைக் காக்கத் தண்டனை தேவைப்பட்டது என்கிறார். ஒரு காட்சியில் வந்து சாகிற பாத்திரம், ராமராஜ்யத்தின் முழுச் சட்டப்புத்தகத்தையும் திறந்து காட்டுகிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். கந்தபுராணத்தைக் கோயிலில் படித்துப் பயன் சொல்வது அங்கே பெரிய மரபு. 'கந்தபுராணக் கலாசாரம்' என்றே பெருமையாகச் சொல்வார்கள். அந்த மண்ணில்தான் 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடு என்று போராட வேண்டியிருந்தது. உள்ளே சூரனை வென்ற கதை; வெளியே சொந்த ஜனத்துக்குக் கதவு. இந்தப் பக்கம் சென்னை மாகாணத்திலும் 1947 சட்டம் வரைக்கும் காத்திருந்தோம்.

தோழர்களே, இதே கேள்வியை நம் கதைகளிடமும் கேட்க வேண்டும். 1908-ல் இந்த ஊர்க் கோரல் ஆலையில் வேலைநிறுத்தம். வ.உ.சி., சுப்பிரமணிய சிவா பெயர் நமக்குத் தெரியும், தெரியவும் வேண்டும். பட்டினியோடு வெளியே நின்ற தொழிலாளி ஒருவர் பெயர் சொல்லுங்க பார்ப்போம். 1968 வெண்மணி: 44. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் 1999 ஜூலை 23, தாமிரபரணி: 17, அதில் ஒரு குழந்தை. 2018 மே, இதே ஊரில் ஸ்டெர்லைட் எதிர்ப்பில் துப்பாக்கிச் சூடு: 13. மேடையில் எண்ணைச் சொல்கிறோம், கை தட்டுகிறோம், அடுத்த பேச்சாளர் வருகிறார். எண் நினைவு அல்ல. வேர்வையில் பிறந்த ஒரு லட்சத்துக்குப் புராணம் செய்ததை இயக்கமும் செய்யலாமா?

இயக்கத்துக்கும் துணைப் பாத்திரங்கள் உண்டு. போஸ்டர் ஒட்டுகிறவன், கூட்டத்துக்குச் சோறு பொங்குகிற பெண், கோர்ட்டு வாய்தாவுக்குக் கூலியை விட்டுட்டு வருகிற சாட்சி. சாட்சி பயந்து பின்வாங்கினால் வழக்கே விழுந்துவிடும். அப்படியானால் அந்த வழக்கின் நாயகன் யார்? வக்கீலா, தலைவரா, அந்தச் சாட்சியா?

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஊருக்கு ஒரு நோட்டுப் போடுங்க. உங்க ஊர்ப் போராட்டத்தில் நின்றவர்கள் பெயர், அன்று செய்த வேலை, இழந்த கூலி, சிறையில் கழித்த நாள், எல்லாம் எழுதுங்க. பெண்கள் பெயரை 'இன்னார் மனைவி' என்று எழுதாதீங்க. அவரவர் பெயரையே எழுதுங்க. அடுத்த கூட்டத்தில் தலைவர் பேசுமுன் அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கம் வாசியுங்க.

வீதிநாடகம் போடுகிறவர்களுக்கும் ஒன்று. சூரன் கதையைப் போடுங்க, தயங்க வேண்டாம். வேலையும் மயிலையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, யுத்தம் முடிந்த மறுநாள் காலையில் தொடங்குங்க. வானவர் போய்விட்டார்கள். கரையில் மீன்பெட்டி கிடக்கிறது. 'யார் எடுப்பது?' என்று ஒரு குரல் கேட்கட்டும். அங்கே நிற்கிற ஜனம் பதில் சொல்லட்டும்.