கோயிற் கலியாணமும் ஒரு தமிழ்ச் சொல்லும்



கத்தோலிக்கத் திருமணமொன்றுக்கு ஆயத்தம் செய்வதைப் பற்றி ஓர் இலக்கிய நிகழ்ச்சியிலே, அதுவும் இந்துவான ஒரு தமிழாசிரியன், பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கிறது. அந்தச் சடங்கின் நடுவே மணமக்கள் தம் வாயாலேயே சொல்லவேண்டிய சில சொற்கள் இருக்கின்றன. கலியாண ஏற்பாடுகளின் ஆரவாரத்தில் அந்தச் சொற்களுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

கண்டியில் ஒரு கோயிற் கலியாணத்துக்கு நாள் குறிப்பதே பெரும்பாடு. (நம் பகுதிக் கத்தோலிக்கத் தமிழர் தம் ஆலயத்தைக் கோயில் என்றே சொல்வர், நானும் அப்படியே சொல்லுகிறேன்.) தவக்காலத்தில் கலியாணம் வைப்பதில்லை என்பது வழக்கம். திருவருகைக் காலத்தையும் பலர் தவிர்ப்பர். உறவில் இந்துக்கள் இருந்தால் ஆடியும் மார்கழியும் கழிந்துபோகும். எசல பெரஹரா நாள்களில் நகர வீதிகள் மூடப்படும். விருந்தினர் வந்துசேர முடியாது. மிஞ்சுகிற நாள்களுக்கு மண்டபங்களில் போட்டி. ஓராண்டுக்கு முன்னரே முற்பணம் கட்டுகிறார்கள். பிறகு கூறைச்சேலை, கேக், படப்பிடிப்பு. சிறு பெட்டிகளில் வைத்து விருந்தினருக்குக் கொடுக்கும் அந்தக் கலியாணக் கேக்குக்கு மட்டும் எத்தனை ஆலோசனைகள்!

கோயில் கேட்கும் பத்திரங்கள் வேறு. ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எடுத்து வரச் சொல்வார்கள். பெட்டியில் பழைய பிரதி கிடக்கிறதே, புதிது எதற்கு என்று சலித்துக்கொள்பவர் உண்டு. காரணம் இருக்கிறது. ஒருவருக்கு மணமானால் அச்செய்தி அவருடைய ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்திலே குறிக்கப்படும். புதிய பிரதியில்தான் அது தெரியவரும். திருமண ஆயத்த வகுப்புக்கும் இருவரும் போகவேண்டும். நாட்டின் சட்டத்தையும் மறக்கமுடியாது. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், பதிவுபெற்ற வணக்கத்தலத்தில் குருவானவர் நடத்திவைக்கும் விவாகத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்கு முன் விவாகப் பதிவாளருக்கு அறிவித்தல் கொடுத்தாகவேண்டும்.

இவற்றுக்கிடையில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஓலை வாசித்தல்'. இன்னார் இன்னாரை மணக்க இருக்கிறார், தடை தெரிந்தவர் சொல்லுங்கள் என்று கோயிலில் அறிவிப்பதைத் தோட்டத்துப் பெரியவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். பனையோலையைக் கண்ணால் காணாத பிள்ளைகளும் 'எங்களுக்கு ஓலை வாசிச்சாச்சு' என்கிறார்கள். பொருள் போன பின்னும் சொல் நிற்கிறது.

இந்த ஓலை ஏன் வந்தது? ஒரு காலத்திலே, ஐரோப்பாவில், ஆணும் பெண்ணும் தனித்திருந்து 'உன்னை ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டாலே மணம் முடிந்தது என்று திருச்சபை கொண்டது. சாட்சி வேண்டியதில்லை, குரு வேண்டியதில்லை. அதனால் வந்த கேடு உங்களுக்குத் தெரியாததல்ல. ஏற்றுக்கொண்டவன் நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்பான். ஆகையால் 1563இல் திரெந்து நகரச் சங்கம், பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னிற்காவிட்டால் மணம் செல்லாது என்று விதித்தது. மணத்துக்கு முன் மும்முறை பகிரங்கமாக அறிவிக்கவும் பணித்தது. இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியக் கற்பியல்தான் நினைவுக்கு வந்தது. பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்று நம் இலக்கணகாரர் அங்கே சொல்கிறார். களவிலே சூளுரைத்தவன் கைவிட்டுப் போகாதபடி ஊரறியக் கட்டிவைக்கும் ஏற்பாடு அது. தொல்காப்பியரின் கரணமும் திரெந்தின் விதியும் ஒரே நோய்க்குக் கண்ட மருந்துகள்.

விதி வந்த பின்னும் ஒன்று மாறவில்லை. கத்தோலிக்கத் திருமணத்தை நடத்துபவர் குருவானவர் அல்லர், மணமக்களே. அவர் திருச்சபையின் பெயரால் இருவரது சம்மதத்தையும் கேட்டுப் பெற்றுக்கொள்கிறார். மணத்தை ஆக்குவது அவர்கள் சொல்லும் சொல். எங்கள் இந்துத் திருமணத்திலும் அரிய சொற்கள் உண்டு. ஆனால் குருக்கள் வடமொழியில் சொல்லுவார். மாப்பிள்ளை பின்பற்றிச் சொல்லுவார், அல்லது சொல்வதுபோல உதட்டை அசைப்பார். மணமகளுக்கு அவ்வளவும் இல்லை. அகநானூற்றின் 86ஆம் 136ஆம் பாட்டுகள் காட்டுகிற பழந்தமிழ்த் திருமணத்திலே தீவலமும் இல்லை, தாலியும் இல்லை. 86ஆம் பாட்டிலே மணல் பரப்பிய பந்தரும் விளக்கும் நல்ல நாளும் உண்டு. மகப்பேறு கண்ட மகளிர் நீர் சொரிந்து வாழ்த்துகிறார்கள். அங்கும் மணமகள் வாய் திறந்து எந்த உறுதியும் கூறுவதில்லை. தமிழ்ப் பெண்ணொருத்தி சபை நடுவே நின்று 'நான்' என்று தொடங்கித் தன் மணத்தைத் தானே சொல்லும் இடமாக எனக்குத் தெரிந்த பழைய சடங்கு கிறிஸ்தவக் கோயிற் சடங்குதான்.

அண்மையில் என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். ஹந்தானை மலைக்கு அப்பால் ஒரு தோட்டத்திலே பிறந்தவள். மாப்பிள்ளை கண்டி நகரத்துச் சிங்களக் கத்தோலிக்கர். அழைப்பிதழின் தமிழ்ப் பகுதியைத் திருத்தித் தரச் சொன்னாள். திருத்திக்கொண்டே, வாக்குறுதியை எந்த மொழியில் சொல்லப் போகிறாய் என்று கேட்டேன்.

"இங்கிலீசில சேர். ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா இருக்கும்னு சொல்றாங்க."

இரண்டு பக்கத்திலும் இருக்கும் பெரியவர்களைப் பற்றி விசாரித்தேன். இவளுடைய அப்பாயி கொழுந்து பறித்தே பிள்ளைகளை வளர்த்தவர். அவருடைய ஆத்தம்மா ஒரு நாட்டு வைத்தியர் வீட்டுப் பெண். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. பேத்தியும் பேரனும் எதற்கு உடன்படுகிறார்கள் என்பது அந்த இரு கிழவிகளுக்கும் மட்டும் தெரியாமற் போகும் ஏற்பாட்டுக்குத்தான் 'பொது' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பங்குத்தந்தையிடம் போய்க் கேள் என்று அனுப்பினேன். அவர் ஒரு நிமிடங்கூட யோசிக்கவில்லையாம். அவரவர் தம் தாய்மொழியில் சொல்லலாம், நானும் அந்தந்த மொழியிலேயே கேட்கிறேன் என்றாராம். இதிலே வியப்பில்லை. சிங்கள, தமிழ் மாணவர் ஒருங்கே குருத்துவம் பயிலும் அம்பிட்டி குருமடம் நம் ஊரில்தான் இருக்கிறது. அதற்கும் முன்னே, 1692இல் கண்டிக்கு வந்து, போர்த்துக்கேய ஒற்றனென்று சிறைவைக்கப்பட்ட கோவைக்குரு யோசேவாஸ் முனிவர் தமிழும் சிங்களமும் கற்றுத் தொண்டுசெய்தவர். (கோவை என்றது கோவாவை, கோயம்புத்தூரை அல்ல.) அவர் வழிவந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் இரு மொழியிலும் நூல்கள் எழுதினார். கண்டி அரசர்களோ மதுரைக்கு ஆளனுப்பிப் பெண் எடுத்தவர்கள். இரு மொழியில் ஒரு கலியாணம் இந்த ஊருக்குப் புதிதா என்ன?

அடுத்த வாரம் மாணவி தமிழ்ச் சடங்குப் பகுதியைப் பிரதிசெய்து கொண்டுவந்தாள், அப்பாயியையும் கூட்டிக்கொண்டு. அவளுக்கு இரண்டு இடங்களில் தட்டியது.

ஒன்று, 'பிரமாணிக்கம்' என்ற சொல். தமிழ்நாட்டிலும் இங்கும் கத்தோலிக்கர் நாவிலேதான் இது இன்று பெரும்பாலும் உயிரோடிருக்கிறது. "இதுக்குப் பதிலா 'உண்மையா' என்று சொல்லிடலாமா சேர்?" என்றாள். சம்மதச் சொற்கள் திருச்சபை அங்கீகரித்தவை. நீயும் நானும் மாற்றி எழுதமுடியாது என்றேன். மாற்றவேண்டியதுமில்லை. பிரமாணம் என்றால் அளவு. பிரமாணம் என்றால் சான்று. சத்தியம் செய்வதும் பிரமாணந்தான். சொன்ன சொல்லின் அளவுக்கு நிற்பதும், நின்று அதற்குத் தானே சான்றாவதும் பிரமாணிக்கம். 'உண்மை' இவ்வளவையும் தாங்காது. தனித்தமிழ் அன்பர்கள் என்னோடு கோபிக்கக்கூடாது. திருமணத்துக்குக் கத்தோலிக்கர் முன்பு வழங்கிய 'மெய்விவாகம்' என்ற தொடரிலும் பாதி வடமொழிதான். ஆனால் அந்த 'மெய்' உண்மையையும் உடம்பையும் ஒன்றாகக் குறிப்பதை எண்ணிப் பாருங்கள்.

மற்றது, 'உன்னை' என்ற சொல். தமிழ்ச் சடங்கிலே இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி, 'உன்னை' என்றே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆணுக்கு ஒரு மரியாதை, பெண்ணுக்கு ஒரு மரியாதை என்ற பேதம் அங்கே இல்லை. "அவரைப் பேர் சொல்லி, நீ உன்னைன்னு எப்படி சேர்? அத்தனை பேர் இருப்பாங்களே" என்று கூசினாள். அவளுக்கு விடை சொல்ல நான் வாயெடுக்கும் முன்பே அப்பாயி பேசினார்.

"ஏன், நான் சொல்லலையா? தாத்தா பேரை நான் வாயால சொன்னது அன்னைக்கு ஒரு நாள்தான். சாமி சொல்லச் சொன்னாரு, சொன்னேன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல."

எழுபதுகளில் நடந்த கலியாணம். கணவர் காலமாகியும் பல ஆண்டாகிறது. அந்தப் பெயரை இப்போதாவது சொல்லுங்களேன் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. பேத்தி அதற்குப் பிறகு 'உன்னை'யைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மீதி ஏற்பாடுகள் விரைவாக நடந்தன. தாலி பற்றி மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அதற்கு நீண்ட கதை உண்டு. 1704இல் பாப்பரசரின் தூதர் தூர்நோன் புதுச்சேரியிலிருந்து விடுத்த ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் மஞ்சள் தோய்த்த நூற்றெட்டு இழைக் கயிற்றையும் கத்தோலிக்கப் பெண்களுக்கு விலக்கிற்று; மணச்சடங்கில் அரச மரக் கிளை நடுவதும் வேண்டாமென்றது. ஆனால் தாலியையே விலக்க அவராலும் முடியவில்லை. சிலுவையோ தேவமாதா உருவமோ பொறித்து அணியலாம் என்று இடங்கொடுத்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ அந்தந்த நாட்டின் நல்ல மணவழக்கங்களைக் காக்கவேண்டும் என்றே கூறியது. தாலி வைப்பதென்று முடிவாயிற்று, மோதிரமும் உண்டு.

வாசகங்களைத் தெரிந்தெடுப்பதில் மட்டும் நான் சிறிது பிடிவாதம் பிடித்தேன். எல்லாக் கலியாணத்திலும் புனித பவுல் கொரிந்தியருக்கு அன்பைப் பற்றி எழுதியதையே வாசிக்கிறார்கள். உயர்ந்த பகுதிதான். ஆனால் திருமண வாசகங்களுக்குள்ளே சாலமோன் பெயரால் வழங்கும் காதற்பாடல்களும் இருக்கின்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலே அந்த நூலுக்கு 'இனிமைமிகு பாடல்' என்று பெயர். மலைமேல் தாவி வரும் தலைவனும், கார் கழிந்து மலரும் நிலமும் அகத்திணை படித்தவனுக்கு அயலாகத் தோன்றுமா? அதுவே இருக்கட்டும் என்றேன். குருவானவரும் இசைந்தார். மணமகள் நுழையும்போது வாக்னரின் 'லோகெங்கிரின்' இசைநாடகத்துப் பவனி இசைதான் வேண்டும் என்று ஒரு சித்தி அடம்பிடித்தார். 1850இல் அரங்கேறிய அந்த நாடகத்திலே, அந்த இசையோடு பள்ளியறைக்கு அனுப்பப்பட்ட தம்பதி மறுநாளே பிரிந்துபோகிறார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பயனில்லை. வாக்னரே வென்றார்.

மண்டபத்துக்கு ஓராண்டுக்கு முன்னே பணம் கட்டிய குடும்பம், சடங்குச் சொற்களைத் தமிழும் சிங்களமும் இரு பத்தியாகப் போட்ட சிறு நூலை அச்சுக்குக் கொடுத்தது நாலு நாளைக்கு முன்னர். மூன்று முறை சரவை பார்த்தேன். இரண்டு முறை 'பிரமாணிக்கம்' பிழையாகவே வந்தது.

கலியாணத்தன்று பின்வரிசையில் இருந்தேன். மாப்பிள்ளை சிங்களத்தில் சொன்னார். என் மாணவி பெயரையும் சொன்னாள், 'உன்னை' என்றும் சொன்னாள். 'பிரமாணிக்கம்' தடங்கலின்றி வந்தது. ஆத்தம்மாவின் கையிலிருந்த சிறு நூலை அப்பாயி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாக்குறுதியும் சேர்ந்து ஒரு நிமிடம் இருக்கும். அந்த நேரம் பார்த்துப் படப்பிடிப்பாளர் வெளிச்சம் போதவில்லையென்று விளக்கை இடம்மாற்றிக்கொண்டிருந்தார். வீடியோவில் அந்தப் பகுதி இல்லை. கேக் வெட்டியது பதினொரு நிமிடம் இருக்கிறது.